செயின்ட் பீட்டர்ஸ் மயில்கள்: 2022-இல் ஒரு சின்னக் கல்லூரி ஆடிய ஆட்டம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கூடைப்பந்து பற்றிப் பேச்சு வந்தால் நான் எப்படியும் ஜெர்சி சிட்டியில் போய்த்தான் நிற்பேன். கூட இருப்பவர்கள் கேட்கும் கேள்விகளும் ஏறக்குறைய ஒன்றேதான். அவற்றை ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது. கூடைப்பந்து தெரியாதவர்களும் படிக்கலாம். தேவைப்படும் இடத்தில் விளக்கியிருக்கிறேன்.

சுருக்கமாகச் சொல்லுங்கள், என்னதான் நடந்தது?

நியூஜெர்சி மாநிலத்தின் ஜெர்சி சிட்டியில் இருக்கும் செயின்ட் பீட்டர்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆண்கள் கூடைப்பந்து அணி, 2022 மார்ச்சில் அமெரிக்கக் கல்லூரிகளுக்கான தேசியப் போட்டியில் கென்டக்கி, மர்ரி ஸ்டேட், பர்டூ என்று மூன்று வலுவான அணிகளை வரிசையாகத் தோற்கடித்துக் கடைசி எட்டு அணிகளில் ஒன்றாக வந்தது. அந்த அணிக்குக் கொடுக்கப்பட்டிருந்த தர எண் 15. அந்த எண்ணோடு இறங்கிய எந்த அணியும் அதற்கு முன் அவ்வளவு தூரம் போனதில்லை.

தர எண் 15 என்றால் என்ன? போட்டி எப்படி நடக்கிறது?

என்.சி.ஏ.ஏ. என்ற அமைப்பின் முதல் பிரிவில் 350-க்கும் மேற்பட்ட கல்லூரி அணிகள் ஆடுகின்றன. 2022-இல் அவற்றில் 68 அணிகள் மட்டும் மார்ச் மாதப் போட்டிக்குப் போயின. 32 லீக்குகளின் சாம்பியன்களுக்கு நேரடி இடம். மற்ற இடங்களை ஒரு தேர்வுக் குழு நிரப்பியது. தொடக்க ஆட்டங்களில் நான்கு அணிகள் கழிந்தபின் நான்கு மண்டலங்கள், ஒவ்வொன்றிலும் வலுவான அணிக்கு 1 என்று தொடங்கி 16 வரை தர எண். முதல் சுற்றில் 1-ஆம் எண் 16-உடன் மோதும், 2-ஆம் எண் 15-உடன் மோதும். தோற்றால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான், மறு வாய்ப்பு கிடையாது.

அதாவது 15 என்ற எண்ணைக் கையில் கொடுத்தால், "வந்ததற்கு நன்றி, ஒரு ஆட்டம் ஆடிவிட்டுக் கிளம்புங்கள்" என்று மரியாதையாகச் சொல்வதாக அர்த்தம். மண்டலத்துக்கு 16 அணி என்ற முறை 1985-இல் வந்தது. அன்றிலிருந்து 2021 வரை இரண்டாம் எண்ணைத் தோற்கடித்த பதினைந்தாம் எண் அணிகள் ஒன்பதுதான். அவற்றில் இன்னொரு ஆட்டமும் வென்றவை ஃப்ளோரிடா கல்ஃப் கோஸ்ட் (2013), ஓரல் ராபர்ட்ஸ் (2021) என்று இரண்டே இரண்டு. இரண்டும் கடைசி பதினாறோடு நின்றுவிட்டன.

இந்தக் கல்லூரி எங்கே இருக்கிறது? உண்மையிலேயே அவ்வளவு சின்னதா?

ஹட்சன் ஆற்றின் ஒரு கரையில் மன்ஹாட்டன், மறு கரையில் ஜெர்சி சிட்டி. அங்கே கென்னடி பூலவார்டு என்ற பெரிய சாலையோரம் நகருக்கு நடுவில் கல்லூரி இருக்கிறது. பக்கத்திலேயே ஜர்னல் ஸ்கொயர். அங்கிருந்து கொஞ்சம் நடந்தால் நியூவர்க் அவென்யூவில் 'இந்தியா ஸ்கொயர்' என்று அழைக்கப்படும் கடைத்தெரு. மளிகைக்கடை, நகைக்கடை, தோசை எல்லாம் கிடைக்கும் இடம். நியூயார்க் பக்கம் வேலைக்குப் போன தமிழர்களுக்கு அந்தத் தெரு நன்றாகத் தெரியும். ஆனால் அதன் அருகிலேயே இப்படி ஒரு அணி இருக்கிறது என்று 2022-க்கு முன் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்?

கல்லூரி 1872-இல் தொடங்கியது. திருச்சி செயின்ட் ஜோசப், சென்னை லயோலா, பாளையங்கோட்டை சேவியர் கல்லூரிகளை நடத்தும் அதே சேசு சபையினர் நிறுவியதுதான் இதுவும். இளநிலைப் படிப்பில் இரண்டாயிரத்துச் சொச்சம் மாணவர்கள். முதல் சுற்றில் இவர்கள் எதிர்த்து ஆடிய கென்டக்கி பல்கலைக்கழகத்தில் ஏறக்குறைய முப்பதாயிரம் பேர் படிக்கிறார்கள். சொந்த அரங்கில் 3,200 பேர் உட்காரலாம். கென்டக்கியின் அரங்கிலோ இருபதாயிரம் பேர் உட்காருவார்கள்.

அமெரிக்கக் கல்லூரிக்கு மயில் எப்படிச் சின்னமானது?

மயில் என்றதும் நமக்கு முருகன் ஞாபகம் வரும், அதனால் இந்தக் கேள்வியைத் தமிழர்கள் கேட்காமல் விடுவதில்லை. காரணம் டச்சுக்காரர்கள். 1630-இல் இந்த ஆற்றங்கரை நிலம் மைக்கேல் பாவ் என்ற டச்சு வணிகருக்கு வழங்கப்பட்டது. டச்சு மொழியில் 'பாவ்' என்றால் மயில். அவர் பெயரை லத்தீனில் திருப்பி அந்தக் குடியேற்றத்துக்கு 'பவோனியா' என்று பெயர் வைத்தார்கள். பவோனியா அவென்யூ என்று ஒரு தெரு இன்றும் அங்கே உண்டு. கிறிஸ்தவ மரபிலும் மயில் உயிர்த்தெழுதலின் அடையாளம். முதல் உலகப் போர்க் காலத்தில், 1918-இல் மூடப்பட்ட இந்தக் கல்லூரி 1930-இல்தான் மறுபடி திறந்தது என்பதால் அந்தப் பொருளும் பொருத்தமாக அமைந்துவிட்டது. முதல் பிரிவில் மயிலைச் சின்னமாக வைத்திருக்கும் ஒரே கல்லூரி இதுதான்.

இதற்கு முன் கூடைப்பந்தில் இவர்கள் ஒன்றுமே சாதித்ததில்லையா?

அப்படிச் சொன்னால் அந்த ஊர்ப் பெரியவர்கள் கோபித்துக்கொள்வார்கள். 1967-68 அணியை ஊரே 'ரன் பேபி ரன்' என்று கூப்பிட்டது. ஓடிக்கொண்டே இருக்கும், புள்ளிகளைக் குவித்துக்கொண்டே இருக்கும் அணி அது. என்.ஐ.டி. என்ற போட்டியில் (நம்மூர் பொறியியல் கல்லூரி அல்ல, நியூயார்க்கில் அந்தக் காலத்தில் பெரிய மதிப்போடு நடந்த கூடைப்பந்துப் போட்டி) டியூக் அணியை 100-71 என்று வென்றார்கள். 2021-இல் புதுப்பித்துத் திறந்த அரங்குக்கு 'ரன் பேபி ரன் அரீனா' என்றே பெயர் வைத்தார்கள்.

ஆனால் மார்ச் மாதத் தேசியப் போட்டியில் கதை வேறு. 1991, 1995, 2011 என்று மூன்று முறை போய், மூன்று முறையும் முதல் ஆட்டத்திலேயே திரும்பி வந்தவர்கள். 2022-இல் நான்காவது முறை.

பயிற்சியாளர் ஷஹீன் ஹாலோவே யார்?

நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் வளர்ந்தவர். ஆடும் காலத்தில் பாயிண்ட் கார்டு, அதாவது பந்தைக் கொண்டுவந்து ஆட்டத்தை நடத்துபவர். 1996-இல் பள்ளி மாணவர்களுக்கான மெக்டொனால்ட்ஸ் ஆல் அமெரிக்கன் ஆட்டத்தில் சிறந்த ஆட்டக்காரர் விருது இவருக்குத்தான் கிடைத்தது. கோபி பிரையன்ட் ஆடிய அதே ஆட்டம் அது. பிறகு செட்டன் ஹால் பல்கலைக்கழகத்துக்காக ஆடினார். 2000-ஆம் ஆண்டுத் தேசியப் போட்டியில் ஓரிகனுக்கு எதிராக, ஓவர்டைமின் (ஆட்டம் சமனில் முடிந்தால் தரும் கூடுதல் நேரத்தின்) கடைசி நொடிகளில் பந்தை மைதானத்தின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு ஓட்டிக்கொண்டு போய் வெற்றிப் புள்ளி எடுத்தார். அடுத்த ஆட்டத்தில் கணுக்கால் பிசகிப் பாதியிலேயே வெளியேற வேண்டி வந்தது. மார்ச் மாதம் எப்படித் தூக்கிவிடும், எப்படிக் கீழே போடும் என்பதை இரண்டே நாளில் பார்த்தவர்.

2018-இல் செயின்ட் பீட்டர்ஸுக்கு வந்தார். முதல் ஆண்டு 10 வெற்றி, 22 தோல்வி. அதற்கடுத்த ஆண்டு முதலாம் ஆண்டு மாணவர்களாக டேரில் பேங்க்ஸ், டக் எடர்ட், மேத்யூ லீ, மாலி நாட்டிலிருந்து வந்த இரட்டையர்கள் ஹசன் டிராமே, ஃபுசெய்னி டிராமே எல்லோரும் ஒன்றாகச் சேர்ந்தார்கள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 2022-இல் உலகம் பார்த்தது மூன்றாண்டு ஒன்றாக ஆடிப் பழகிய அணியை.

2021-22 சீசன் தொடக்கத்திலிருந்தே நன்றாக ஆடினார்களா?

இல்லை. ஆரம்பத்தில் தோல்விகள்தான் அதிகம். டிசம்பர் கடைசியில் கொரோனா வந்து வாரக்கணக்கில் ஆட்டமே இல்லாமல் போனது. பிப்ரவரி பிற்பகுதியில் கணக்கு 12 வெற்றி, 11 தோல்வி. பேப்பரில் பார்த்தால் ஒரு சுமாரான அணி, அவ்வளவுதான்.

அதற்கப்புறம் ஒரு மாதம் தோற்கவே இல்லை. லீக் ஆட்டங்கள் நான்கு, லீக் நாக்-அவுட்டில் மூன்று, தேசியப் போட்டியில் மூன்று, மொத்தம் தொடர்ச்சியாகப் பத்து வெற்றி.

இவர்கள் ஆடும் லீக்கின் பெயர் மாக். அந்த ஆண்டு அதில் ஆடியவை நியூஜெர்சி, நியூயார்க், கனெக்டிகட் மாநிலங்களின் சின்னக் கல்லூரிகள். இந்த லீக்கிலிருந்து பெரும்பாலும் சாம்பியன் ஒருவர்தான் தேசியப் போட்டிக்குப் போக முடியும். அதனால் அட்லாண்டிக் சிட்டியில் நடக்கும் நாக்-அவுட்டை வெல்லாவிட்டால் சீசன் முடிந்தது. அந்த ஆண்டு லீக்கில் முதலிடம் ரிக் பிட்டினோ பயிற்சியளித்த அயோனாவுக்கு. அவர்கள் காலிறுதியில் ரைடரிடம் தோற்றுப்போனார்கள், வழி திறந்தது. செயின்ட் பீட்டர்ஸ் இறுதியில் மான்மத்தை 60-54 என்று வென்றது. தேதி 2022 மார்ச் 12.

அந்தத் தேதியில் ஒரு கணக்குத் தீர்ந்தது. சரியாக இரண்டு ஆண்டுகளுக்கு முன், 2020 மார்ச் 12 அன்று, இதே அட்லாண்டிக் சிட்டியில் இதே அணி அரையிறுதிக்கு வந்து நின்றபோதுதான் கொரோனாவால் போட்டியை ரத்து செய்து எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். அப்போது முதலாம் ஆண்டில் இருந்த பையன்கள் இப்போது மூன்றாம் ஆண்டு.

கென்டக்கி ஆட்டம் ஏன் அவ்வளவு பேசப்பட்டது?

கல்லூரிக் கூடைப்பந்தில் கென்டக்கி என்பது எட்டு முறை தேசிய சாம்பியன். அந்த ஆண்டு நாட்டின் சிறந்த ஆட்டக்காரர் விருது பெற்ற ஆஸ்கர் ஷிப்வே அந்த அணியில்தான் இருந்தார். பந்தயக்காரர்கள் கென்டக்கி பதினெட்டுப் புள்ளிக்கு மேல் வித்தியாசத்தில் ஜெயிக்கும் என்று கணித்திருந்தார்கள்.

மார்ச் 17, இண்டியானாபோலிஸ். இந்திய நேரத்துக்கு விடியற்காலை. வீட்டில் யாரும் எழுந்துவிடக் கூடாதென்று சத்தத்தை அமர்த்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் பாதி முடியும்போதே தெரிந்துவிட்டது, இவர்கள் பயந்துபோய் வந்தவர்கள் இல்லை என்று. டேரில் பேங்க்ஸ் தூரத்திலிருந்தும் போடுகிறார், உள்ளே புகுந்தும் போடுகிறார். ஷிப்வே 30 புள்ளியும் 16 ரீபவுண்டும் (கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது) எடுத்தார். அவரைத் தடுக்கவே முடியவில்லை என்பது உண்மை. ஆனால் மற்றவர்களை அடக்கிவிட்டார்கள்.

இரண்டாம் பாதியின் கடைசியில் கென்டக்கி ஆறு புள்ளி முன்னால் போனபோது, சரி, முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. கடைசி அரை நிமிடத்துக்குள் டக் எடர்ட் பந்தோடு உள்ளே ஓடி, உயரமான தடுப்பாளருக்கு மேலே பந்தை மெதுவாக மிதக்கவிட்டார். பலமே இல்லாமல் பூப்போலப் போன பந்து கூடையில் விழுந்தது. 71-71. ஓவர்டைம் ஐந்து நிமிடம். அதில் செயின்ட் பீட்டர்ஸ் 14, கென்டக்கி 8. முடிவு 85-79. பேங்க்ஸ் 27, பெஞ்சிலிருந்து வந்த எடர்ட் 20. என் வீட்டில் எல்லோரும் எழுந்துவிட்டார்கள்.

ஒரு நாள் அதிர்ஷ்டம்தானே இது?

ஒரு ஆட்டம் என்றால் நானே ஒத்துக்கொள்வேன். தூரத்திலிருந்து எறியும் பந்தெல்லாம் விழும் நாள் எந்தச் சின்ன அணிக்கும் வரலாம். ஆனால் மூன்று ஆட்டம், மூன்று விதமான எதிரி. அதை அதிர்ஷ்டம் என்று சொல்வது அந்தப் பையன்களின் உழைப்பைத் தள்ளிவிடுவது மாதிரி எனக்குப் படுகிறது.

இவர்களுடைய பலம் தடுப்பாட்டம். கே.சி. என்டெஃபோ ஆறடி ஏழு அங்குலம். கூடைக்கடியில் நிற்பவருக்கு அது பெரிய உயரம் இல்லை. ஆனால் மாக் லீக்கின் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருதைத் தொடர்ந்து மூன்று முறை வாங்கியவர். அவர் ஆட்டத்தைக் கவனித்தால் ஒன்று புரியும்: எதிரி பந்தைத் தூக்கும்போது அவர் குதிப்பதில்லை. பந்து கையைவிட்டுப் போகும் அந்தக் கண நேரம் வரை காத்திருந்து, அப்புறம் எழும்புவார். அதனால்தான் தன்னைவிட உயரமானவர்களின் பந்தையும் தட்டிவிட முடிந்தது. அவர் பின்னால் இருக்கிறார் என்ற தைரியத்தில் முன்னால் இருக்கும் கார்டுகள் (கூடைக்கு வெளியே நின்று ஆடுபவர்கள்) எதிரியின் மார்போடு மார்பு ஒட்டி நின்று அழுத்தம் கொடுப்பார்கள். தாண்டிப் போனாலும் பரவாயில்லை, அங்கே என்டெஃபோ நிற்கிறார்.

இன்னொன்று பெஞ்ச், அதாவது மாற்று ஆட்டக்காரர்கள். ஹாலோவே ஒன்பது பத்துப் பேரை மாற்றி மாற்றி இறக்கினார். அணியில் அதிகப் புள்ளி எடுத்த பேங்க்ஸின் சீசன் சராசரியே 11 புள்ளி அளவுதான். ஒருவரை அடைத்துவிட்டால் அணி விழுந்துவிடும் என்ற நிலை இல்லை. எதிரணியின் முக்கிய ஆட்டக்காரர் முப்பத்தைந்து நிமிடம் ஓடிக் களைத்திருக்கும்போது, இவர்கள் பக்கம் புதிதாக மூச்சு வாங்கி வந்த ஒருவர் அவர் மேல் ஒட்டிக்கொண்டிருப்பார். ஆட்டங்களின் கடைசி ஐந்து நிமிடத்தில் இவர்கள் ஏன் எப்போதும் தெம்பாகத் தெரிந்தார்கள் என்பதற்கு விடை அங்கேதான் இருக்கிறது.

மர்ரி ஸ்டேட் ஆட்டம் பற்றி யாரும் பேசுவதில்லையே?

எனக்கு அதுதான் வருத்தம். மார்ச் 19 அன்று ஆடிய மர்ரி ஸ்டேட் அந்த சீசனில் அதுவரை இரண்டே ஆட்டம் தோற்ற அணி; தொடர்ச்சியாக 21 வெற்றியோடு வந்தார்கள். கென்டக்கி வெற்றிக்குப் பிறகு தொலைபேசி ஓயாமல் அடிக்கும் அந்த ஒன்றரை நாளில் மனதை மறுபடி ஆட்டத்துக்குக் கொண்டுவருவது சாதாரண விஷயமா? 70-60 என்று வென்றார்கள். என்டெஃபோ 17 புள்ளி, 10 ரீபவுண்டு, 6 பிளாக் (எதிரி எறியும் பந்தைத் தட்டிவிடுவது). அன்று மர்ரி ஸ்டேட் உடம்பால் மோதி முரட்டுத்தனமாக ஆடிப் பார்த்தது. ஆட்டம் முடிந்ததும் ஹாலோவே, என்னிடம் இருப்பவர்கள் நியூஜெர்சிப் பையன்கள், நியூயார்க் பையன்கள், இதற்கெல்லாம் பயப்படுவார்களா என்ற பொருளில் சொன்னது ஊர் முழுக்கப் பரவியது.

ஏழடி நாலங்குல ஆளை எப்படிச் சமாளித்தார்கள்?

மார்ச் 25, ஃபிலடெல்ஃபியா. பர்டூ மூன்றாம் தர எண். டிசம்பரில் தன் வரலாற்றிலேயே முதல்முறையாக நாட்டின் முதலிடத்தில் இருந்த அணி. சாக் ஈடி ஏழடி நாலங்குலம். பின்னாளில் 2023, 2024 இரண்டு ஆண்டும் நாட்டின் சிறந்த ஆட்டக்காரர் ஆனார். கார்டு ஜேடன் ஐவியை அந்த ஜூனில், தொழில்முறை லீக்கான என்.பி.ஏ.வின் புது ஆட்டக்காரர் தேர்வில், டெட்ராய்ட் பிஸ்டன்ஸ் ஐந்தாவது ஆளாகத் தேர்ந்தெடுத்தது. அப்படிப்பட்ட அணி.

உயரத்தோடு மோதி ஜெயிக்க முடியாது. அதனால் உயரத்துக்குப் பந்தே போகாமல் பார்த்துக்கொண்டார்கள். ஈடிக்குப் பின்னால் நிற்காமல் பக்கவாட்டிலும் முன்னாலும் நின்றார்கள். பந்து வைத்திருப்பவர் மேலே பார்க்கக்கூட நேரம் கொடுக்காமல் நெருக்கினார்கள். பந்து உள்ளே போய்விட்டால் உடனே இரண்டாவது ஆள் ஓடிவந்து கீழிருந்து பந்தைத் தட்டுவார், ஏனென்றால் ஏழடி மனிதர் பந்தை இடுப்புயரத்துக்கு இறக்கும் அந்த ஒரு நொடியில்தான் அது குட்டையானவனுக்கும் எட்டும். ஐவி வெறும் 9 புள்ளியில் அடங்கினார்.

இடைவேளையில் பர்டூ முன்னால் இருந்தது. கடைசிவரை இழுபறி. முடிவில் எடர்ட் ஃப்ரீ த்ரோ (தவறுக்காகத் தரப்படும் தடையில்லா எறிதல்) கோட்டில் நின்று இரண்டையும் போட, ஐவி கடைசி நொடியில் எறிந்த மூன்று புள்ளிப் பந்து விழவில்லை. 67-64. ஜெர்சி சிட்டியிலிருந்து ஃபிலடெல்ஃபியா காரில் இரண்டு மணி நேரம்கூட ஆகாது. அந்த அரங்கில் அன்று யாருக்குச் சத்தம் அதிகம் என்று கேட்கவே வேண்டாம்.

மீசை வைத்த அந்தப் பையன் யார்?

டக் எடர்ட்தான். மெல்லிய மீசை, ஆறாவது ஆளாக, அதாவது தொடக்க ஐவருக்கு அடுத்து பெஞ்சிலிருந்து இறங்குபவர். மாக் லீக்கின் சிறந்த ஆறாவது ஆட்டக்காரர் விருதும் அந்த ஆண்டு அவருக்குத்தான். கல்லூரி ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரைப் பயன்படுத்தி விளம்பரப் பணம் பெறலாம் என்ற விதி 2021 ஜூலையில் வந்திருந்தது. கென்டக்கி ஆட்டம் முடிந்த சில நாளில் பஃபலோ வைல்ட் விங்ஸ் உணவகம் அவரோடு ஒப்பந்தம் போட்டுவிட்டது.

கடைசியில் எப்படித் தோற்றார்கள்?

மார்ச் 27, நார்த் கரோலினாவிடம், 49-69. ஆரம்பத்திலேயே பின்தங்கிவிட்டார்கள். இடைவேளையில் 19-38. அர்மாண்டோ பேக்காட் 20 புள்ளியும் 22 ரீபவுண்டும் எடுத்தார். முந்தைய ஆட்டங்களில் விழுந்த பந்தெல்லாம் அன்று வளையத்தில் பட்டுத் திரும்பின. கால்கள் கனத்துவிட்டன என்பது தொலைக்காட்சியிலேயே தெரிந்தது. அந்த நார்த் கரோலினா இறுதியாட்டம் வரை போய், கான்சாஸிடம் மூன்று புள்ளியில் தோற்றது. செயின்ட் பீட்டர்ஸின் சீசன் கணக்கு 22 வெற்றி, 12 தோல்வி.

பணத்தில் எவ்வளவு வித்தியாசம்?

அந்த வாரம் அமெரிக்கப் பத்திரிகைகள் போட்டுக் காட்டிய கணக்குப்படி, கென்டக்கி ஆண்கள் கூடைப்பந்துக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய 1.8 கோடி டாலர் செலவழித்தது. செயின்ட் பீட்டர்ஸ் 16 லட்சம் டாலர் அளவில். அப்போதைய கென்டக்கி பயிற்சியாளர் ஜான் காலிபரியின் ஒரு ஆண்டுச் சம்பளத்தில் செயின்ட் பீட்டர்ஸ் அணியை ஐந்து ஆண்டு நடத்தலாம்.

அந்த அணி அதற்கப்புறம் என்ன ஆனது?

கலைந்துவிட்டது. எனக்கு மனம் கனக்கும் இடம் இதுதான்.

மார்ச் 27 தோல்விக்கு மூன்றே நாளில் ஹாலோவே செட்டன் ஹாலின் பயிற்சியாளராக அறிவிக்கப்பட்டார். 2021-இலிருந்து கல்லூரி மாறும் ஆட்டக்காரர் ஒரு ஆண்டு ஆடாமல் காத்திருக்கத் தேவையில்லை என்று விதி தளர்ந்திருந்தது. அதனால் ஆட்டக்காரர்களும் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். என்டெஃபோ ஹாலோவேயுடன் செட்டன் ஹாலுக்கு. பேங்க்ஸ் செயின்ட் போனவெஞ்சருக்கு. எடர்ட் பிரையன்ட்டுக்கு. டிராமே சகோதரர்கள் லா சாலுக்கு. லீ மிசூரி ஸ்டேட்டுக்கு. ஏப்ரல், மே மாதங்களில் செய்தி பார்க்கவே பிடிக்கவில்லை. மூன்றாண்டு சேர்ந்து ஆடியதால் கிடைத்த வெற்றி, அந்தச் சேர்க்கையையே சில வாரத்தில் பிரித்துவிட்டது. சின்னக் கல்லூரி நன்றாக ஆடினால் பெரிய இடத்தின் கண்ணில் படும். கண்ணில் பட்டால் ஆட்கள் போய்விடுவார்கள். இன்றுவரை அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் இதற்கு வழி கண்டுபிடிக்கப்படவில்லை, நிலைமை மோசமாகித்தான் வருகிறது.

ஹாலோவே விட்டுப் போனது சரியா?

என்னைக் கேட்டால், அவர் மேல் குறை சொல்ல மாட்டேன். செட்டன் ஹால் அவர் படித்த கல்லூரி, அவர் பெயர் எடுத்த இடம். அங்கிருந்த பயிற்சியாளர் கெவின் வில்லர்ட் மேரிலாண்டுக்குப் போனதால், இவர்கள் பர்டூ ஆட்டத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்த வாரத்திலேயே அந்த நாற்காலி காலியானது. எல்லோரும் அதைப் பற்றியே கேட்டபோதும் அணியின் கவனம் சிதறாமல் பார்த்துக்கொண்டார். பர்டூவை வென்றதே அதற்குச் சாட்சி. 2024-இல் செட்டன் ஹால் அவர் தலைமையில் என்.ஐ.டி. போட்டியை வென்றது.

செயின்ட் பீட்டர்ஸ் மறுபடி எழுந்ததா?

எழுந்தது, அதுவும் பலர் நினைத்ததைவிட வேகமாக. வாக்னர் கல்லூரியிலிருந்து பஷீர் மேசன் பயிற்சியாளராக வந்தார். முதல் ஆண்டு தோல்விகளே அதிகம். புது ஆட்கள், அப்படித்தான் இருக்கும். 2024-இல் மாக் நாக்-அவுட்டில் ஐந்தாம் இடத்திலிருந்து வந்து கோப்பையைத் தூக்கினார்கள். தேசியப் போட்டியில் மறுபடி அதே தர எண் 15. இந்த முறை டென்னசியிடம் 49-83 என்று பெரிய தோல்வி. பரவாயில்லை. 1995-க்கும் 2011-க்கும் நடுவே பதினாறு ஆண்டு காத்திருந்த கல்லூரி, இரண்டே ஆண்டில் திரும்பி வந்தது.

முதல்முறையாகப் பார்க்கிறேன். எந்த ஆட்டத்திலிருந்து தொடங்கலாம்?

எல்லோரும் கென்டக்கி என்பார்கள். நான் பர்டூ ஆட்டத்தைச் சொல்வேன், அதுவும் இரண்டாம் பாதியை முழுசாக. தொகுப்புக் காணொளிகளில் கூடையில் விழும் பந்துகளை மட்டும் வெட்டி ஒட்டியிருப்பார்கள். இந்த அணியின் அருமை அதில் தெரியாது. பந்தைப் பார்க்காதீர்கள். பந்து இல்லாத பக்கத்தில் ஈடியைச் சுற்றி மயில் சட்டைக்காரர்கள் எங்கே கால் வைக்கிறார்கள், எப்போது இடம் மாறுகிறார்கள், யார் யாருக்குக் குரல் கொடுக்கிறார்கள் என்று பத்து நிமிடம் பாருங்கள். அப்புறம் கென்டக்கி ஆட்டத்துக்குப் போனால், எடர்ட் மிதக்கவிட்ட அந்தப் பந்துக்கு முன்னால் எத்தனை தடுப்புகள் நடந்தன என்று எண்ணத் தொடங்கிவிடுவீர்கள்.